பொட்டியில் என்ன இருக்கிறது? ரொக்கத்தையும் கடனையும் வைத்து ஒரு கம்பெனியை எடை போடுவது

எங்கள் ஊர்ப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கும்போது தரகர் வரிசையாக ஒப்பிப்பார். தோட்டம் எத்தனை ஏக்கர், கிணறு எத்தனை அடி, தறி எத்தனை ஓடுகிறது, வாசலில் நிற்கிற கார் என்ன மாடல். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும் எங்கள் அப்பாரு (தாத்தா), மறுநாள் வீட்டில்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி அந்த ஊர் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கே அவர் கேட்பது இரண்டே கேள்விதான். "ஏனுங்க, அவங்களுக்குச் சொசைட்டியில எவ்வளவு நிக்குதுங்க? பொட்டியில ஏதாச்சும் வெச்சிருக்காங்களா?"

பத்து ஏக்கர் தோட்டம் பெரிய சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் வருகிற பத்தாம் தேதி டியூ கட்ட வேண்டுமென்றால் தோட்டத்தின் ஒரு மூலையை வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கவுன்டரில் நீட்ட முடியாது. குடோனில் இருக்கிற மஞ்சளும் அப்படித்தான். நல்ல விலை வரும்போது விற்றால் அது பணம், அவசரத்துக்கு விற்றால் பாதிப் பணம். டியூ கேட்பது ரொக்கத்தை மட்டும்தான்.

அப்பாரு டீக்கடையில் கேட்ட அந்த இரண்டு கேள்வியையும் ஒரு கம்பெனியிடம் கேட்டு, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைப்பதுதான் ரொக்கம்–கடன் விகிதம். பங்கு வாங்குகிறவர்களுக்கு மட்டும் உரிய கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு பனியன் கம்பெனிக்கு 60 நாள் கடனில் நூல் போடுகிற ஏஜென்டும், ஜாப் ஒர்க் செய்து பில்லுக்குக் காத்திருக்கிற தையல் யூனிட்காரரும்கூட ஒரு வகையில் கடன் கொடுத்தவர்கள்தான். அவர்களுக்கும் இது தேவைப்படும்.

கணக்கு ஒரே வரி. கம்பெனியின் கையில் உள்ள ரொக்கத்தை அதன் மொத்தக் கடனால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால், நாளைக்கே எல்லாக் கடன்காரரும் வாசலில் வந்து நின்றாலும் கையில் இருப்பதை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடலாம். 2 என்றால் கொடுத்த பிறகும் அதே அளவு மிச்சம். 0.25 என்றால் நான்கு ரூபாய் கடனுக்கு ஒரு ரூபாய்தான் பெட்டியில் இருக்கிறது. மீதி மூன்று ரூபாய் இனிமேல் நடக்கப்போகும் வியாபாரத்தில் இருந்து வர வேண்டும், அல்லது இன்னொரு கடனில் இருந்து.

வகுப்பது சுலபம். எதை எதால் வகுப்பது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். அதனால் கம்பெனியின் சொத்தையும் பொறுப்பையும் பட்டியல் போடும் பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து அங்கே கொஞ்ச நேரம் நிற்போம்.

பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கை அவற்றின் இணையதளத்திலும், மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சொத்துப் பக்கத்தில் 'கேஷ் அண்ட் கேஷ் ஈக்விவலன்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். கையிருப்பு, நடப்புக் கணக்கில் உள்ள பணம், எடுத்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் முதிர்கிற டெபாசிட் எல்லாம் இதில் அடங்கும். அதற்குக் கீழேயே 'அதர் பேங்க் பேலன்சஸ்' என்று இன்னொரு வரி. மூன்று மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் முதிர்கிற டெபாசிட்டுகள் இங்கே வந்துவிடும். 'கரன்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ்' என்பதில் பெரும்பாலும் உடனே விற்கக்கூடிய மியூச்சுவல் ஃபண்டு இருக்கும். இந்த மூன்றையும் கூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் கூட்டுவதற்கு முன்னால் அந்த வரிகளின் பக்கத்தில் உள்ள நோட் எண்ணைப் பிடித்துப் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். எல்.சி.க்கும் (சரக்குக்குப் பணம் வருமென்று பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதம்) பேங்க் கேரன்டிக்கும் மார்ஜினாக வைத்து, பேங்க் லியன் போட்டுப் பிடித்திருக்கும் டெபாசிட் இருக்கும். பங்குதாரர் வாங்காமல் விட்ட டிவிடெண்ட் தனிக் கணக்கில் கிடக்கும். பார்வைக்குப் பணம்தான், ஆனால் அவசரத்துக்குத் தொட முடியாது. அதைக் கழித்துவிடுங்கள். அடகில் இருக்கும் நகையைக் கழுத்தில் இருப்பதாகக் கணக்குக் காட்டுவது போலத்தான் அது.

கடன் பக்கத்தில் 'பாரோயிங்ஸ்' என்ற சொல் இரண்டு இடத்தில் வரும். ஓராண்டுக்கு மேல் தவணை உள்ள டெர்ம் லோன் ஓரிடம், ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது இன்னோரிடம். அன்றாட வியாபாரத்துக்கு வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் சி.சி. (கேஷ் கிரெடிட்) லிமிட், ஏற்றுமதி ஆர்டருக்காக வாங்கும் பேக்கிங் கிரெடிட் எல்லாம் இரண்டாவதில் வரும். பழைய அறிக்கைகளைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெர்ம் லோனில் இந்த ஆண்டு கட்ட வேண்டிய தவணைத் தொகை முன்பெல்லாம் 'இதர பொறுப்புகள்' என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். 2021 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் அதைக் குறுகிய காலக் கடனோடு சேர்த்துக் காட்டுகிறார்கள். பத்தாண்டுக் கணக்கு எடுக்கிறவர் இதைக் கவனிக்காவிட்டால், திடீரென்று கடன் கூடிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

குத்தகைப் பொறுப்பு, அதாவது வாடகைக்கு எடுத்த இடத்துக்கு இனிமேல் கட்ட வேண்டிய தொகை, என்று தனியாக ஒரு வரி இருக்கும், 2019 ஏப்ரலில் இருந்து வந்த பழக்கம் அது. வாடகைக் கடைகளில் ஓடும் ஜவுளிச் சங்கிலி போன்ற கம்பெனி என்றால் அதையும் கடனில் சேர்ப்பேன். சொந்த இடத்தில் நிற்கும் ஸ்பின்னிங் மில்லுக்கு அது சில்லறை, விட்டுவிடலாம்.

சரி, ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு மில். ஒன்றுக்கு மேற்கு மில், இன்னொன்றுக்குக் கிழக்கு மில் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

மேற்கு மில்லில் ரொக்கம் 12 கோடி, டெபாசிட் 30 கோடி, மியூச்சுவல் ஃபண்டு 18 கோடி. ஆக 60 கோடி. டெர்ம் லோன் 30, சி.சி. 20, ஆக 50 கோடி கடன். விகிதம் 1.2. கிழக்கு மில்லில் எல்லாம் சேர்த்து ரொக்கம் 6 கோடி, கடன் 120 கோடி. விகிதம் 0.05.

எந்த மில்லுக்குப் பெண் கொடுப்பீர்கள்? மேற்குக்குத்தான் என்று யாரும் சொல்வார்கள். இப்போது இன்னொரு விவரம் சொல்கிறேன். மேற்கு மில் இரண்டு வருடமாக வியாபாரத்தில் வருடத்துக்கு 20 கோடி பணத்தை இழந்துகொண்டிருக்கிறது. கிழக்கு மில்லோ வருடத்துக்கு 36 கோடி ரூபாய் ரொக்கமாகவே ஈட்டுகிறது. அதன் கடனில் இந்த வருடம் கட்ட வேண்டிய தவணை 15 கோடி, வட்டி ஏறக்குறைய 11 கோடி. 26 கோடியைக் கட்டிய பிறகும் 10 கோடி நிற்கும். மேற்கு மில் இப்படியே போனால் மூன்றே வருடத்தில் பெட்டி காலி, கடன் அப்படியே இருக்கும்.

அதனால் இந்த விகிதம் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வருமானம் நின்றுபோனால் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. வருமானம் எப்படி வருகிறது என்பதற்குப் பணப்புழக்க அறிக்கையில் 'ஆபரேட்டிங்' என்ற பகுதியின் கடைசி வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்தத் தொகையைக் கடனால் வகுப்பது இன்னொரு விகிதம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று தொட்டியில் இருக்கிற தண்ணீர், மற்றது போர்வெல்லில் இருந்து வருகிற தண்ணீர்.

வருமானம் நின்றுபோவதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று கேட்கலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. துணிக்குச் சாயம் ஏற்ற ஈரோடு, மற்ற ஊர்கள், வெளி மாநிலம் என்று அலைந்தார்கள். பாய்லர் நின்றது, வட்டி நிற்கவில்லை. 2020 கொரோனா ஊரடங்கில் ரிசர்வ் வங்கி மார்ச்சில் இருந்து ஆகஸ்ட் முடிய ஆறு மாதம் தவணைக்கு அவகாசம் கொடுத்தது. அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் லாபக் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, பெட்டியைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இனி எனக்குச் சுட்ட கதை. நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற வழியில் ஒரு மில் இருந்தது. கேட்டில் எப்போதும் லாரி நிற்கும், ஷிப்ட் முடிந்தால் வேன் வேனாக ஆள் இறங்கும். நம்ம ஊர் மில், கண்ணால் பார்க்கிற மில் என்று அதன் பங்கைக் கொஞ்சம் வாங்கிப் போட்டேன். ஒருநாள் கடன் தவணை கட்டவில்லை என்ற செய்தி வந்தது, பங்கு விலை கிணற்றில் போட்ட கல்லாக இறங்கியது. அதற்கு அப்புறம்தான் பழைய ஆண்டறிக்கைகளை உட்கார்ந்து படித்தேன். விகிதம் முதல் வருடம் 0.4, அடுத்த வருடம் 0.25, அடுத்தது 0.11, கடைசியாக 0.04. நான்கு வருடமும் விற்பனை ஏறியிருந்தது, லாபம்கூட இருந்தது. லாபமெல்லாம் வராத பாக்கியாகவும் ஸ்டாக்காகவும் உறைந்துபோய், அந்த ஓட்டையைக் கடன் அடைத்துக்கொண்டிருந்தது.

அதிலிருந்து ஒரு வருட எண்ணை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. 0.3 என்பது நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், போன வருடம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்பேன். 0.1இல் இருந்து ஏறி வந்த 0.3 வேறு, 0.9இல் இருந்து சறுக்கிய 0.3 வேறு.

வருடம் மட்டுமல்ல, மாதமும் முக்கியம். பேலன்ஸ் ஷீட் என்பது மார்ச் 31 அன்று எடுத்த போட்டோ. பஞ்சு வரத்து அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை வேகமாக இருக்கும். கையில் லிமிட் உள்ள மில்கள் விலை பார்த்துப் பஞ்சை வாங்கிக் குடோனில் அடுக்கிவிடும். மார்ச் மாதம் குடோன் நிறைந்திருக்கும், பெட்டி காலியாக இருக்கும், சி.சி. உச்சத்தில் நிற்கும். செப்டம்பரில் பஞ்செல்லாம் நூலாகி விற்று, கடன் இறங்கியிருக்கும். சர்க்கரை ஆலையும் இதே ஜாதிதான். அரவைக் காலம் முடிகிற சமயத்தில் மூட்டைகள் மலைபோல் கிடக்கும், கடனும் அதே உயரத்துக்கு நிற்கும். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் செப்டம்பர் முடிவுக்கும் ஒருமுறை சொத்து–பொறுப்பு விவரத்தை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. மார்ச் எண்ணையும் செப்டம்பர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ச்சை மார்ச்சோடும் செப்டம்பரைச் செப்டம்பரோடும் ஒப்பிடுவதுதான் நியாயம்.

போட்டோ எடுக்கும் நாளில் தலைசீவிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. மார்ச் கடைசி வாரத்தில் பார்ட்டிகளைத் துரத்தித் துரத்தி வசூலிப்பார்கள், ஜாப் ஒர்க்காரர்களுக்கு "ஏப்ரல்ல பார்த்துக்கலாம்" என்பார்கள். அடுத்தவருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் பணமும் பேலன்ஸ் ஷீட்டில் ரொக்கமாகவே தெரியும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2023–24 கணக்காண்டில் இருந்து வந்த பிறகு, இந்த வேலைக்குக் கொஞ்சம் கடிவாளம் விழுந்திருக்கிறது. ஒழிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ரொக்கம் நிறைய இருந்து, கொடுக்க வேண்டிய பில்களும் சேர்ந்தே வீங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இதைச் சோதிக்க எனக்குப் பிடித்த ஒரு வழி இருக்கிறது. இதர வருமானம் என்ற தலைப்பின் நோட்டில் டெபாசிட் வட்டி எவ்வளவு வந்தது என்று போட்டிருக்கும். ஒரு கம்பெனி 60 கோடி டெபாசிட் இருப்பதாகக் காட்டுகிறது, வட்டி 6 சதவீதம் என்று வைத்தாலும் 3 கோடியே 60 லட்சம் வந்திருக்க வேண்டும். வந்தது 40 லட்சம் என்றால், அந்த 60 கோடி வருடம் முழுக்க அங்கே இல்லை, போட்டோவுக்காக வந்து நின்றிருக்கிறது.

திருடனை இது பிடித்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 2009 ஜனவரி 7 அன்று ஐ.டி. கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று இருந்தது. வரவேண்டிய வட்டி என்று காட்டிய 376 கோடியும் பொய். பணத்தைப் பொய்யாக எழுதியவர்கள் வட்டியையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். அதனால் கையில் இவ்வளவு பணம் வைத்துக்கொண்டு டிவிடெண்ட் ஏன் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கிறார்கள், 6 சதவீதத்துக்கு டெபாசிட் போட்டுவிட்டு ஏன் 10 சதவீதத்துக்குக் கடன் வாங்குகிறார்கள் என்ற கேள்விகளையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்விக்கு நியாயமான பதிலும் சில நேரம் உண்டு. ஏற்றுமதிக்கான பேக்கிங் கிரெடிட் போன்றவற்றில் வட்டிச் சலுகை கிடைத்தால், கையில் காசு இருந்தாலும் கடன் வாங்குவது புத்திசாலித்தனம்தான். 1999இல் ஜவுளித் துறைக்காகத் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தில் முன்பு அப்படிச் சலுகை கிடைத்தது.

பேலன்ஸ் ஷீட்டில் வராத கடன் ஒன்றும் இருக்கிறது, ஜாமீன் கையெழுத்து. மச்சானுக்காகப் போட்ட கையெழுத்தால் தோட்டம் ஏலத்துக்கு வந்த கதை எந்த ஊரில் இல்லை? கம்பெனிகளும் துணை நிறுவனத்துக்காகவும் முதலாளியின் வேறு கம்பெனிக்காகவும் பேங்க்கில் உத்தரவாதம் கொடுத்திருக்கும். 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டீஸ்' (நாளைக்கு நம் தலையில் விழக்கூடிய பொறுப்புகள்) என்ற நோட்டில் அது பொடி எழுத்தில் கிடக்கும். இதனாலேயே தனிக் கம்பெனிக் கணக்கை விட்டுவிட்டு, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கில்தான் விகிதத்தைப் போட வேண்டும்.

கடனே இல்லாத கம்பெனிக்கு என்ன செய்வது? பூஜ்யத்தால் வகுக்க முடியாது, விகிதம் கிடையாது, அவ்வளவுதான். சில தளங்களில் அந்த இடத்தில் கோடு இருக்கும், சிலவற்றில் பத்தாயிரம் என்று பெரிய எண் இருக்கும், மிரள வேண்டாம். கோவையில் 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் (இப்போது எல்.எம்.டபிள்யூ. லிமிடெட்) நீண்ட காலமாகக் கடன் இல்லாமல், கணிசமான ரொக்கத்தோடு நிற்கும் கம்பெனி என்பது ஊரறிந்தது. அங்கேயும் ஒரு நுணுக்கம் கவனியுங்கள். நூற்பு இயந்திரம் வேண்டும் மில்கள் முன்பணம் கட்டித்தான் வரிசையில் நிற்கும். அந்த முன்பணம் இந்தக் கணக்கில் கடனாக வராது, ஆனால் இயந்திரம் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பொறுப்பு. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, பிறர் நம்பிப் பணம் கட்டுவது பலம்தான்.

பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு மட்டும் இந்த விகிதத்தைப் போடவே கூடாது. மில்லுக்குப் பஞ்சு எப்படியோ, அவர்களுக்குக் கடன் அப்படி, வாங்கி விற்பதே அதைத்தான். கரூரில் 1916இல் பிறந்த கரூர் வைசியா வங்கியையும், அதே ஊரில் 1926இல் பிறந்து 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கியையும் எடைபோட வேறு தராசு வேண்டும். வாராக் கடன் எவ்வளவு, மூலதனம் போதுமா என்று பார்ப்பது தனிப் பாடம்.

கடைசியாக, பங்கு வாங்காத, ஆனால் சரக்குக் கடனில் போடுகிற நம் ஆட்களுக்கு. எதிர்ப் பார்ட்டி பிரைவேட் லிமிடெட் என்றால் அதன் பேலன்ஸ் ஷீட்டும் ரகசியம் இல்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம். எந்த பேங்க்கிடம் எவ்வளவுக்குச் சொத்தை அடமானம் வைத்திருக்கிறது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். பத்து லட்ச ரூபாய்க்கு நூல் போடுகிறவருக்கு நூறு ரூபாய் பெரிய செலவில்லை. பார்ட்னர்ஷிப், தனி முதலாளி என்றால் இப்படி எதுவும் கிடைக்காது, அப்பாரு செய்த மாதிரி பஸ் ஏறிப்போய் டீக்கடையில் உட்கார வேண்டியதுதான்.